மீன் தொட்டிக்கு வாங்கிய ஃபில்டர்

எனக்குக் கடல் பைத்தியம் பிடித்தது கொழும்பில், ஒரு பல் வைத்தியரின் வாசலறையில். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் சுவரோரமாக ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருந்தது. நாலைந்து வாளித் தண்ணீர்தான் பிடிக்கும். அதற்குள் கல், கல்லின்மேல் பூப்போல விரிந்து சுருங்கும் பவளம், அந்தப் பவளத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் ஒரு செம்மஞ்சள் மீன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். உள்ளே என் முறை வந்து கூப்பிட்டது காதில் விழவே இல்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

நான் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லை. மழை, ஓடை, அட்டை, மறுபடி மழை. ஆனால் கடல் என்பது எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் பஸ் பிடித்துப் போய்க் காலை நனைத்துவிட்டு வரும் இடம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசைமேல் வைக்கலாம் என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. இந்த வயதில் எனக்கென்று ஒரு ஆசை வந்ததும் அதிர்ச்சிதான். வீட்டுக்கு வந்ததும் "கடல் தொட்டி வைக்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை, பெண். தம்பி நிவித்திகலப் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறான். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அது. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்காரிக்குக் கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதால் டின் பால்மாதான் கொடுத்தோம். நன்றாகத்தான் வளர்ந்தாள். திடீரென்று கொஞ்ச நாளாகச் சோர்ந்து போக ஆரம்பித்தாள். பாதிப் போத்தல் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும், தூங்கிவிடுவாள். குளிப்பாட்டும்போது உதட்டோரம் நாவற்பழம் தின்றதுபோல ஒரு நிறம் தெரியும். "மழைக்குளிரு, வேறென்னா" என்றார்கள் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் ஆட்கள். நாங்களும் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டோம். கிளினிக்கில் எடை ஏறவில்லை. அடுத்த தடவையும் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து தம்பி மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கைவைத்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் மீன் தொட்டி வாங்கக் கிளம்பினேன். என்னவென்று சொல்வது, வீட்டில் பயம் நிறைந்திருக்கும்போதுதான் மனசு எங்காவது ஓடி ஒளிய இடம் தேடுகிறது.

இரத்தினபுரி டவுனில் ஒரு மீன் கடை. முதலாளி சிங்களவர், பேச்சுப் பிரியர். ஒரு மீனைக் காட்டச் சொன்னால் மீனின் பூர்வீகத்தையே சொல்வார். நான் போய் "சின்ன உப்புத்தண்ணித் தொட்டி, பவளம், அந்தச் செம்மஞ்சள் மீன்" என்றேன். அவர் மீன் பக்கமே திரும்பவில்லை. ஃபில்டர் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

தொட்டியின் முதுகில் தொங்குவது ஒன்று. மோட்டர் தண்ணீரை இழுக்கும், பஞ்சு வழியாக வடித்துத் திரும்பவும் தொட்டிக்குள் கொட்டும். மேசைக்குக் கீழே வைக்கிற பெரிய டப்பா இன்னொன்று. அதற்குப் பெயர் கேனிஸ்டர். உள்ளே பஞ்சு, கல், வளையம் எல்லாம் தட்டுத் தட்டாக இருந்தது. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்கும் முறையும் உண்டாம். சின்னத் தொட்டிக்கு அது தேவையில்லை என்றார். பிறகு கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்த உயரமான ஒரு குழாயைக் காட்டினார். ஸ்கிம்மர். தண்ணீருக்குள் காற்றை நுரையாக விட்டு, நுரையோடு அழுக்கை மேலே ஏற்றுகிற சாமான். அதன் தலையிலிருந்த கிண்ணத்தைக் கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

மூக்கைப் பொத்திக்கொண்டேன். கறுத்துப்போன தேயிலைச் சாயம் மாதிரி ஒரு திரவம். அப்படி ஒரு நாற்றம்.

"இது இந்தத் தண்ணியிலேருந்தா வந்துச்சு?" என்றேன். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"இதிலதான் மிஸ். கண்ணுக்குத் தெரியாது" என்றார் தமிழில். பிறகு சிங்களத்தில் விளக்கினார். மீனின் கழிவு முதலில் கொடிய நஞ்சாக இருக்கும், கல்லில் வளரும் நல்ல கிருமிகள் அதை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட் செடிக்கு உரம், பவளத்துக்கு ஆகாது. பஞ்சு ஃபில்டர் எதுவும் நைட்ரேட்டைப் பிடிக்காது. தண்ணீரை மாற்றினால்தான் குறையும். அதனால் மாற்ற ஊற்றுகிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. ஃபில்டர் ஒன்றைத் தட்டிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் முதலில் இதைத்தான் வாங்க வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க தண்ணிக்கு ஃபில்டரா? பீலித் தண்ணி அது. மலையிலேருந்து நேரா வருது. கொழும்பு ஆளுங்க வந்தா போத்தல்ல புடிச்சிக்கிட்டுப் போவாங்க" என்றேன். பாறையிடுக்கில் ஊறிவரும் ஊற்றைக் குழாய் வைத்து இறக்கியிருப்பதைத்தான் நாங்கள் பீலி என்போம். எங்கள் தோட்டத்தில் வேறு எதைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம், பீலியைச் சொன்னால் விடமாட்டோம்.

அவர் சண்டைக்கு வரவில்லை. சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே கண்ணாடிக் குழாயும் இரண்டு மருந்துப் புட்டிகளும். தண்ணீரில் சொட்டுவிட்டுக் குலுக்கினால், நைட்ரேட் இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்கும், இருந்தால் செம்மஞ்சளாகும், மிஞ்சினால் சிவப்பாகும்.

"வதுர பலன்ன மிஸ்" என்றார். தண்ணீரைப் பாருங்க மிஸ். அவ்வளவுதான் சொன்னார்.

ஆர்.ஓ. வாங்கவில்லை. முதுகில் தொங்கும் ஃபில்டர், ஒரு குட்டி ஸ்கிம்மர், கடல் உப்பு, கல் எல்லாம் வாங்கிக்கொண்டு தம்பியின் த்ரீவீலில் ஏற்றி வந்தேன். மீன் கிடையாது. தண்ணீர் சரியானால்தான் மீன் தருவேன் என்று சொல்லிவிட்டார். பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது.

பீலித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி உப்பைக் கரைத்தேன். லயமே வந்து பார்த்தது. "டீச்சரு மலைக்குக் கடலக் கொண்டாந்துட்டாங்க" என்று ஒருத்தி. "மீனு எங்க? எங்க கண்ணுக்குத்தான் தெரியலையா?" என்று இன்னொருத்தி. தம்பி சும்மா இருப்பானா! "உப்புத் தண்ணி பாக்கவா அக்கா இவ்வளவு பாடு? இவ வைக்கிற ரசத்தக் காட்டியிருப்பேனே" என்றான். அவன் மனைவி பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். பிள்ளையைத் தூக்கி வந்து குமிழி ஏறுவதைக் காட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கண் சொருகித் தாய் தோளில் சாய்ந்துவிட்டது.

மறுநாள் பரிசோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டுவிட்டுக் குலுக்கினேன். செம்மஞ்சள்.

எனக்கு நம்பிக்கையில்லை. மீன் இல்லை, மீனுக்குச் சாப்பாடு இல்லை, அழுக்கு எங்கிருந்து வரும்? ஃபில்டர்தான் மட்டம் என்று முடிவுகட்டினேன். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்த் தொங்குவதைக் கொடுத்துவிட்டுக் கேனிஸ்டரைத் தூக்கி வந்தேன். கடைக்காரர் "பஞ்சு நைட்ரேட்டைப் புடிக்காது மிஸ்" என்று மறுபடி சொன்னார். நான் கேட்டால்தானே. கேனிஸ்டர் மேசைக்குக் கீழே அமர்ந்து உறுமியது. பரிசோதனைக் குழாயில் அதே செம்மஞ்சள். சரி, தண்ணீரை மாற்றினால் குறையும் என்று அவரே சொன்னாரே என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, இரவெல்லாம் பெய்த மழைக்குப் பிறகு புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். குழாய் இன்னும் சிவந்தது.

புதுத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அழுக்கு கூடுகிறது! அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வது ஒன்றுதான். தெரிந்ததையெல்லாம் கழி, மிச்சமிருப்பதுதான் விடை. மீனைக் கழித்தாயிற்று. தீனியைக் கழித்தாயிற்று. ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மிச்சமிருப்பது தண்ணீர்.

வாசலில் போய்ப் பீலித் தண்ணீரை நேராகக் கண்ணாடிக் குழாயில் பிடித்தேன். உப்புப் போடாத, கல் போடாத, நாங்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர். சொட்டுவிட்டேன். குலுக்கினேன். கொஞ்ச நேரம் வைக்க வேண்டும் என்பார்கள். வைக்கத் தேவையே இருக்கவில்லை. என் கண்முன்னாலேயே மஞ்சள் செம்மஞ்சளாகி, செம்மஞ்சள் சிவந்தது.

மனசு உடனே அதற்குச் சமாதானம் தேடியது. சரி, காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு அடுப்படிக்குள் போனேன். தம்பி மனைவி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அடுப்பில் பிள்ளையின் சட்டி.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்குத் தண்ணீரைச் சும்மா கொதிக்க வைத்து இறக்கமாட்டார்கள். சுண்டக் காய்ச்சுவார்கள். சட்டி நிறைய வைத்து, அது அடியில் கால்வாசியாக வற்றும்வரை காய்ச்சி, ஆறவைத்து, அதில்தான் பால்மா கரைப்பார்கள். அக்கறையுள்ள தாய் என்றால் அப்படித்தான். அடுப்பைவிட்டு எழும்பாமல் விறகு தள்ளித் தள்ளிக் காய்ச்சுவாள். பிள்ளை சோர்ந்ததிலிருந்து இவள் இன்னும் கூடுதலாக வற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுல கொஞ்சம் குடு" என்றேன்.

"எதுக்கு அக்கா? இது புள்ளைக்கு."

"குடும்மா."

கரண்டியால் எடுத்துக் கொடுத்தாள். ஆறவைத்துக் குழாயில் ஊற்றிச் சொட்டுவிட்டேன். அப்படி ஒரு சிவப்பைப் பெட்டியோடு வந்த நிற அட்டையில்கூட நான் பார்க்கவில்லை. இரத்தம் மாதிரி நின்றது. தண்ணீர் ஆவியாகப் போகும், உள்ளே கரைந்திருப்பது போகாது. நாலில் மூன்று பங்கு போனால் மிச்சத்தில் நாலு மடங்கு. கணக்கு டீச்சருக்கு இதைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை.

ஃபோனில் நைட்ரேட் என்றும் குழந்தை என்றும் போட்டுத் தேடினேன். சிக்னல் வந்து வந்து போனது. வந்த முதல் வரியிலேயே உதடு நீலமாகும் என்று இருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உதடு, நகக்கண், பாதம் எல்லாம் ஒரே நிறம். ஐயோ, இத்தனை நாளாக இதையா குளிர் என்றோம்! தம்பியைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தம்பி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பி மனைவி "என்னாச்சு அக்கா, என்னாச்சு அக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீர் என்று சொல்லாமல் பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர், யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். பிள்ளையைப் பார்த்ததும் மூக்கில் ஒட்சிசன் வைத்தார். நிறம் மாறவில்லை. ஊசியில் இரத்தம் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வந்தது சிவப்பு இல்லை. பால் ஊற்றாத கோப்பியின் நிறம். மனித உடம்பிலிருந்து அப்படி ஒரு நிறம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"பிள்ளைக்கு என்ன தண்ணி குடுக்கிறனீங்கள்?" என்றார் டாக்டர்.

நான் சட்டென்று சொன்னேன், "பீலித் தண்ணி டாக்டர். நைட்ரேட் கூட இருக்குது. நான் இன்னைக்குத்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். சிவப்பா வந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஏன் அதை டெஸ்ட் பண்ணினீங்கள்?"

"மீன் தொட்டிக்கு."

அவர் தாதியைக் கூப்பிட்டார். பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒரு மருந்தைக் கொண்டுவந்தார்கள். கடும் நீலம், பேனா மை மாதிரி. நீலமாகிப் போன பிள்ளைக்கு நீல மருந்தா! நரம்பில் அது மெல்ல இறங்க இறங்க நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முதலில் உதடு, பிறகு நகம். என் கண்ணெதிரே பிள்ளைக்கு நிறம் திரும்பியது. அன்று சாயங்காலம் அவளுடைய துணி நீலப் பச்சையாக நனைந்தபோது தாய்க்காரி அலறிவிட்டாள். மருந்துதான் அப்படிப் போகிறது, பயப்படாதீர்கள் என்று தாதி சொன்னதும் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் அவளிடம் விளக்கமாகச் சொன்னார். இது பெரியவர்களை அவ்வளவாகத் தாக்காது, கைக்குழந்தையின் இரத்தம்தான் காற்றைச் சுமக்க முடியாமல் கறுத்துப்போகும், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது சாகாது, வற்ற வற்றக் கூடும் என்று. அவள் தலையாட்டிக் கேட்டாள். டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் அடுப்ப விட்டு நகராமக் காய்ச்சினேனே அக்கா. ஒரு கிருமிகூட இருக்கக்கூடாதுன்னு தானே அக்கா காய்ச்சினேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள் இருந்தன.

பிள்ளை வார்டில் தேறிக்கொண்டிருக்கும்போதே நான் ஊற்றுக்கு மேலே ஏறிப் போனேன். பாறைக்குக் கொஞ்சம் மேலே, போன வருஷம் கட்டிய உர ஸ்டோர். பின்பக்கக் கூரைத் தகடு காற்றில் பறந்து எவ்வளவு காலமோ தெரியவில்லை. மூட்டைகள் மழையில் ஊறிக் கரைந்து, வெள்ளையாக வடிந்து ஓடி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சிவந்த குழாயை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்ட மேனேஜரான துரையின் ஆபீசுக்குப் போனேன். துரை குழாயைத் தொடவில்லை. "காலங்காலமா குடிக்கிற தண்ணி தானே டீச்சர்" என்றார்.

"அப்ப நீங்க ஒரு கிளாஸ் குடிங்க சேர்" என்றேன். கிளார்க்கின் மேசையிலிருந்த கிளாஸை நானே எடுத்து முன்னால் வைத்தேன். அவர் குடிக்கவில்லை. அன்று பின்னேரமே கூரைக்குத் தகடு போனது. ஆனால் மண்ணுக்குள் இறங்கியதைத் தகடு போட்டு எடுக்க முடியாது. மழைக்காலம் முழுவதும் ஊற்று அதைக் கொண்டுவந்துகொண்டேதான் இருக்கும். லயத்திலும் சொல்லிப் பார்த்தேன், பீலியைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்.

கேனிஸ்டரையும் ஸ்கிம்மரையும் தம்பி திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆர்.ஓ. ஃபில்டரை வாங்கி வந்தான். கடைக்காரர் சந்தோஷப்பட்டு, "இப்பதான் மிஸ் சரியா செலக்ட் பண்ணினது. எந்த மீன் வேணும்?" என்று கேட்டாராம். தம்பி விஷயத்தைச் சொன்னதும் பாவம், மீன் பேச்சை விட்டுவிட்டு ஃபில்டரைப் பூட்டும் விதத்தைச் சொல்லித் தந்தாராம். ஃபில்டரை அடுப்படிச் சுவரில் மாட்டினோம். அதிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் இறங்கும். அதைக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாகவே நின்றது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் மஞ்சள். அன்றுதான் நான் அழுதேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கடல் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். மேசைமேல் கல்லும் கண்ணாடியுமாகக் காய்ந்து கிடந்தது. பரிசோதனைப் பெட்டியை அதற்குள்ளேயே வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை வாசலில் ஆள் அரவம். கீழ் லயத்துப் பெண், கொழுந்து பறிக்கப் போகிறவள், இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் இன்னும் இரண்டு பேர், அவர்கள் கையிலும் பிள்ளைகள். இவள் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பால் போத்தலை எடுத்தாள். உள்ளே பால் இல்லை, சுண்டக் காய்ச்சிய தண்ணீர், இன்னும் சூடாக இருந்தது.

"மீனுக்குப் பாத்தீங்களாமே டீச்சர்" என்றாள். "எங்க புள்ளைக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தொட்டிக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தேன். மருந்து அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. குழாயில் ஊற்றிச் சொட்டுவிட்டுக் குலுக்கினேன். தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது. அவள் குழாயைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.